நாய்க்குப் பயமா, நாய்க்காரனுக்கா?

70 கொண்டை ஊசி வளைவு ஏறி, கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கம் ஒரு மலையாளிக் குடும்பத்தைப் பார்க்க மகளோடு போயிருந்தேன். மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள். வாசலில் கிடந்த நாய் எழுந்து குரைத்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். நாலு வயசு மகள் நாயைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

"அது ஒண்ணும் பண்ணாது சாமி, புது ஆளுன்னு கேக்குது" என்று அந்த வீட்டு ஆயா சிரித்தது.

இந்தப் பயம் எனக்கு எங்கே வந்தது? கீழே, எங்க ஊரில். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்த்தெரு வழியே போவேன். ஏதாவது ஒரு திண்ணையிலிருந்து நாய் குரைக்கும். அப்பாவின் கை இறுகும். தோள்துண்டு கக்கத்துக்குப் போகும். கல்லெடுத்து எறிய முடியாது. அது யார் வீட்டு நாய் என்று அவருக்குத் தெரியும். அவர் பயந்தது நாய்க்காரனுக்கு. அஞ்சு வயசுப் பையனுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? நாய்ப்பயம் என்றே படித்துக்கொண்டேன். நாய்க்கு ஏது சாதி என்று கேட்பவர்கள் உண்டு. சேரிக்காரன் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்காவில் சூசன் மினேகாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1984இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூண்டில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பென்றால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரளுவதைப் பார்த்ததும் பயம் ஒட்டிக்கொண்டது. கடிபட வேண்டியதே இல்லை. 1989இல் வீடியோவை வெட்டி ஒட்டி, ஒரு குரங்கு பூவைக் கண்டு மிரளுவதுபோலக் காட்டினார்கள். பார்த்த குரங்குகள் பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை.

தோழர்களே, பாம்புக்குப் பயப்பட உடம்பு ஓரளவு தயாராக இருக்கிறது, பூவுக்கு இல்லை. சாதியோ முகத்தில் எழுதியிருப்பதில்லை. அதைக் கண்டு ஒதுங்கத் தயாராக எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. அதனால்தான் தனி டம்ளர், தனித் தெரு, தனிச் சுடுகாடு என்று நித்தமும் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. இயற்கை என்றால் இவ்வளவு மெனக்கெடல் எதற்கு?

கற்றுக்கொண்ட குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது. என் அப்பாவையும் சொல்ல மாட்டேன். உதை எங்கிருந்து வரும் என்று தெரிந்த அறிவு அவருடைய பயம். ஆனால் வளர்ந்து, விஷயம் தெரிந்த பிறகும் அடுத்த பிள்ளைக்குக் கடத்துகிறவன் பதில் சொல்லியாக வேண்டும். அருவருப்பை ஊட்டி வளர்க்கிற ஊர்க்காரனையும் பயத்தைக் கடத்துகிற என்னையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருந்தாலும் என் பங்குக்கு நான் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அதே ஆய்வாளர்கள் 1986இல் இன்னொன்றும் சொன்னார்கள். பாம்புக்குப் பக்கத்தில் பதறாமல் இருக்கும் குரங்கை முதலில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பிறகு பயத்தைக் கற்கவில்லை.

மலையைச் சொர்க்கமாக்க நான் வரவில்லை. நாங்கள் காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் வழி என்று மலையாளிகளிடமும் ஒரு வழிக்கதை உண்டு. ஆனால் அன்றைக்கு அந்த ஆயாவின் முகத்தில் பயமில்லை, மகள் அதைப் பார்த்தாள். சாயங்காலம் நாய்க்குக் களி உருண்டை போட்டாள். தள்ளி நின்ற எனக்குக் கை இறுகியது. அவள் எப்படியும் திரும்பிப் பார்ப்பாள் என்று தெரியும். முகத்தை மட்டும் சரியாக வைத்துக்கொண்டேன்.