ஐந்து லட்சம் பேருக்கு ஒரு மன்றம்

வீட்டுக் குப்பையை அள்ளுவது மாவட்டக் கவுன்சில். அள்ளிய குப்பையை ஒழிப்பது அதற்கு மேலே உள்ள கவுண்டி கவுன்சில். இங்கிலாந்தின் பல பகுதிகளில் 1974 முதல் உள்ளாட்சி இப்படி இரண்டு அடுக்காகவே நடந்துவருகிறது. எல்லாப் பொறுப்பையும் ஒரே மன்றத்திடம் கொடுப்பதுதான் இப்போதைய சீர்திருத்தம். 2023 ஏப்ரல் 1 அன்று வடக்கு யார்க்‌ஷயரில் கவுண்டி கவுன்சிலும் ஏழு மாவட்டக் கவுன்சில்களும் ஒன்றாயின. சுமார் 8,000 சதுர கிலோமீட்டர், ஆறு லட்சத்துக்கும் அதிகமான மக்கள், 90 உறுப்பினர்கள். புதிய மன்றம் ஒவ்வொன்றின் ஆளுகையிலும் ஐந்து லட்சம் பேராவது இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை வழிகாட்டியது.

ஏன் ஐந்து லட்சம்? செலவுக் கணக்கு சொல்லும் பதில் அது. தத்துவம் இதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கிறது. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் ஒரு நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் என்று வரையறுத்தார். அரிஸ்டாட்டில் எண் எதுவும் தரவில்லை, அளவுகோலைத் தந்தார். வழக்கைத் தீர்க்கவும் பதவிக்குத் தக்கவரைத் தேரவும் குடிமக்கள் ஒருவர் குணத்தை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அறியாத இடத்தில் இரண்டுமே கெடும் என்றார். சிறிய அமைப்பால் செய்ய முடிந்ததைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931இல் போப் பதினொன்றாம் பயஸ் எழுதினார். முசோலினியின் இத்தாலி சூழ்ந்த வத்திக்கானில் இருந்துகொண்டு எழுதியது அது.

எதிர்த்தரப்பின் வாதமும் அறத்தில்தான் வேர்கொண்டிருக்கிறது. முதியோர் பராமரிப்புக்கும் ஆதரவற்ற குழந்தைகளின் பாதுகாப்புக்கும் பெரும் பணம் வேண்டும். சிறிய மன்றம் திணறும். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் பெரிதாக இருப்பதே காப்பாகிவிடாது. ஏழு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த நார்தாம்ப்டன்‌ஷயரின் கவுண்டி கவுன்சில் 2018இல் நிதி நெருக்கடியில் வீழ்ந்து, 2021இல் கலைக்கப்பட்டது. 1974இல் லெஸ்டர்‌ஷயருடன் இணைக்கப்பட்ட ரட்லண்ட், சுமார் 40,000 பேர் மட்டுமே உள்ள பகுதி. 1997இல் தனி மன்றத்தைத் திரும்பப் பெற்றது.

டென்மார்க் 2007இல் 271 நகராட்சிகளை 98 ஆகச் சுருக்கியது. இணைந்த ஊர்களையும் இணையாத ஊர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். உள்ளூர் அரசியல் தமக்குப் புரியும், அதில் தம்மால் பங்கெடுக்க முடியும் என்ற நம்பிக்கை இணைந்த ஊர்களில் குறைந்திருந்தது. எந்த வரவுசெலவுக் கணக்கிலும் ஏறாத இழப்பு இது, ஆனாலும் இழப்புதான்.

இங்கிலாந்தில் இந்த மன்றங்களுக்கும் கீழே, ஊர் அளவில், சுமார் 10,000 பாரிஷ், நகரக் கவுன்சில்கள் இருக்கின்றன. பெரிய மன்றம் அமையும் இடங்களிலெல்லாம் பூங்கா, சந்தை, சமூகக்கூடம் பற்றிய முடிவுகளை அவற்றிடம் சட்டப்படி ஒப்படைக்க வேண்டும். அதற்கான பணத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.