பேர் யாருக்கு?

2002ஆம் ஆண்டு ஜனவரியில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் இலங்கைக்கும் சிம்பாப்வேக்குமிடையே நடைபெற்ற கிரிக்கெட் டெஸ்ட் போட்டி, விளையாட்டில் நாட்டமில்லாதவர்களும் எண்ணிப் பார்க்கத்தக்க ஓர் அறப் பிரச்சினையை நம்முன் வைக்கின்றது. முதல் நாள் மாலை ஆட்டம் நின்றபோது சிம்பாப்வேயின் ஒன்பது விக்கெட்டுகள் வீழ்ந்திருந்தன. ஒன்பதையும் வீழ்த்தியவர் முத்தையா முரளிதரன். கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் பழைய மாணவர். தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒருவரின் பேரர். பத்தாவது விக்கெட்டையும் அவரே எடுத்துவிட்டால், டெஸ்ட் வரலாற்றில் அதுவரை ஜிம் லேக்கர், அனில் கும்ப்ளே என்ற இருவர் மட்டுமே எட்டியிருந்த சிகரத்தைத் தம் சொந்த ஊர் மக்களின் முன்னிலையிலே அவரும் எட்டிவிடுவார். அன்று மாலை ஷோர்ட் லெக்கில் நின்ற ரசல் ஆர்னல்ட் அவருடைய பந்தில் வந்த பிடியொன்றைத் தவறவிட்டிருந்தார். மறுநாட் காலை முரளிதரனின் முதற் பந்திலேயே உரத்த முறையீடு எழுந்தது, நடுவர் இணங்கவில்லை. அடுத்த ஓவரை வீசியவர் சமிந்த வாஸ். ஹென்றி ஒலங்காவின் துடுப்பில் பட்ட பந்து விக்கெட் காப்பாளர் குமார் சங்கக்காரவின் கைகளுக்குள் வந்து விழுந்தது. கண்டித் திரித்துவக் கல்லூரியில் பயின்ற சங்கக்காரவும் அந்த மண்ணுக்குரியவரே. இலங்கை அணியினரின் முறையீடு தொண்டைக்குள்ளேயே அடங்கிப் போயிற்று. நடுவரோ கையை உயர்த்திவிட்டார். முரளிதரனின் பெயருக்கு நேரே, 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் என்பதோடு கணக்கு முடிந்தது.

வாஸ் செய்தது சரியா? அவர் பந்தை விலக்கி வீசியிருக்கலாமே என்று ஆதங்கப்பட்டவர் பலர். அவர்களுக்குக் கைகொடுக்க ஒரு முன்னுதாரணமும் உண்டு. 1999 பெப்ரவரியில் டில்லியில் பாகிஸ்தானின் ஒன்பது விக்கெட்டுகளைக் கும்ப்ளே வீழ்த்தியிருந்த வேளையில், மறுமுனையிலிருந்து வீசிய ஜவகல் ஸ்ரீநாத் வேண்டுமென்றே பந்தை வெளியே வெளியே எறிந்து, பத்தாவது விக்கெட்டைத் தம் தோழருக்காக விட்டு வைத்தார். அது பெருந்தன்மைதான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நிலையில் அந்தப் பெருந்தன்மைக்கு விலையேதும் இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. ஒருவருடைய பெயர் ஓங்குவதற்காக இன்னொருவர் தம் உழைப்பை நிறுத்தி வைப்பதைத் தோழமையின் இலக்கணம் என்று கொள்ள நம்மால் இயலவில்லை. வாஸ் தமக்கிட்ட வேலையைச் செவ்வனே செய்தார். அணிக்கு வேண்டியதும் அதுவே.

ஆயினும் நம் சிந்தனையைக் கிளறுவது வாஸின் பந்தைக் காட்டிலும் தொண்டையில் அடங்கிய அந்த முறையீடே. ஒரு விக்கெட் வீழ்ந்தால் ஆர்ப்பரிக்க வேண்டிய பதினொரு பேர், தம் அணியின் வெற்றியைக் கண்டே நாணியதுபோல் நின்றார்களே, ஏன்? அவர்களுக்குள் பகையில்லை; பொறாமையில்லை. அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கியது ஓட்டப் பதிவேடுதான். பதினொருவர் சேர்ந்து செய்யும் வேலையை ஒருவர் பெயரில் மட்டும் எழுதும் வழக்கம் இருப்பதனால்தான், அணிக்கு நன்மையானது ஒரு தனி மனிதருக்கு நட்டமாகத் தோன்றிற்று.

அந்தப் பதிவேட்டைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். பந்து வீசியவருக்கும் பிடித்தவருக்கும் அங்கே இடமுண்டு. மறுமுனையிலிருந்து ஓட்டம் விடாது வீசி, துடுப்பாட்டக்காரரைத் திணறடித்து, அவரை அவசரத்துக்குள்ளாக்கியவருக்கு விக்கெட் நிரலில் ஒரு சொல்லும் கிடையாது. தலைக்கவசம் அணிந்து ஷோர்ட் லெக்கில் நாள் முழுவதும் குனிந்து நின்று, சுழன்று வரும் பந்தை உடம்பில் வாங்குபவர் அங்கே நிற்பதனாலேயே துடுப்பாட்டக்காரர் ஆடும் முறை மாறுகின்றது. அந்த மாற்றத்துக்கு எழுத்தில்லை. பிடித்தால் ஒரு வரி. தவறவிட்டால் இருபது ஆண்டுகள் கழிந்தும் பேச்சு. இக்கட்டுரையிலேயே ஆர்னல்டின் பெயர் வந்தது எதனால் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். 2010இல் காலியில் முரளிதரன் ஓய்வு பெற்றபோது அவருடைய டெஸ்ட் விக்கெட்டுகள் 800. அவற்றுள் 77, மஹேல ஜயவர்தனவின் கைகளுக்குள் விழுந்த பிடிகள். 800ஆவது விக்கெட்டும் அவ்வாறே வந்தது. எனினும் உலகம் எண்ணூறு என்ற எண்ணைத்தான் அறியும். கண்டி மக்கள் உயிரினும் மேலாய் மதிக்கும் றகர் ஆட்டத்திலும் கதை வேறில்லை; முன்வரிசையில் கழுத்தும் தோளும் நோவ முட்டித் தள்ளியவர்களை விட்டு, இறுதியில் பந்தோடு கோட்டைக் கடந்தவரைத்தான் கூட்டம் தோளில் தூக்குகின்றது.

விளையாட்டில் இது பெருந்தீங்கன்று. ஆனால் இதே பதிவேட்டு முறை உழைப்புலகத்துக்குள் புகும்போது நிலைமை மாறுகின்றது. அஸ்கிரியவிலிருந்து சில கல் தொலைவில், மகாவலியின் கரையில், பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. இலங்கையின் பல்கலைக்கழகங்களைத் தம்முள் இணைக்கும் 'லேர்ன்' என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, 1990களில் பல்கலைக்கழக ஆசிரியர்களின் முயற்சியால் வளர்ந்தது. 2020 மார்ச்சில் கொள்ளை நோயின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இந்த வலையமைப்பின் வழியாகவே விரிவுரைகள் ஸூம் மூலம் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்றன. கட்டணமின்றிச் செல்லவும் வழி செய்யப்பட்டது. மாணவர்களின் நினைவில் விரிவுரையாளரின் முகம் நிற்கின்றது. அந்த முகம் திரையில் அசையாமல் உறைந்து போகாதபடி பார்த்துக்கொண்டவர் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

கணினி முறைமை நிருவாகி என்று அவரைச் சொல்கிறார்கள். பெயரில் நிருவாகம் இருக்கின்றதே ஒழிய, அவர் அதிகாரம் செலுத்துபவரல்லர். காவற்காரருக்கும் மருத்துவத் தாதிக்கும் இடைப்பட்ட தொழில் அவருடையது. மற்றவர்கள் உறங்கும் நேரமே அவருக்குத் திருத்த வேலை செய்யும் நேரம். தரவுகளுக்குக் காப்புப் பிரதி எடுக்க வேண்டும். எடுத்த பிரதி உண்மையிலேயே மீள எழுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பழுதாகப் போகும் வட்டை அது பழுதாவதற்கு முன்பே மாற்ற வேண்டும். மலைநாட்டில் இடி இடித்தால் கம்பிகளையும் கருவிகளையும் எண்ணி அவர் நெஞ்சமும் இடிக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டு, மின்பிறப்பாக்கிக்கு ஊற்ற டீசலும் கிடைக்காத நாட்களில், எந்த இயந்திரத்தை முதலில் அணைப்பது, எதைக் கடைசிவரை உயிரோடு வைத்திருப்பது என்று முடிவு செய்யும் சுமை இத்தகையவர்கள்மீதே விழுந்தது. அவ்வளவும் நன்றாக நடந்தால் வெளியே தெரிவது ஒன்றுமில்லை. ஒன்றும் நிகழாமைதான் அவருடைய வெற்றி. ஒன்றும் நிகழாத நாளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? மின்னஞ்சல் ஒரு மணி நேரம் நின்று போனால் மட்டும், தவறவிட்ட பிடியைப் போல, அவருடைய பெயர் எல்லோர் வாயிலும் வந்துவிடும்.

இந்தக் குறையை உணர்ந்து ஒருவர் ஒரு பரிகாரம் கண்டார். டெட் கெகாட்டோஸ் என்ற சிக்காகோ முறைமை நிருவாகி, தம் தொழிலாளருக்கு நன்றி கூறும் நாளொன்றை 2000ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார். ஜூலை மாதத்தின் இறுதி வெள்ளிக்கிழமை பல நாடுகளில் அவ்வாறு கொண்டாடப்படுகின்றது. அவருக்கு அந்த எண்ணத்தைத் தந்தது ஒரு விளம்பரம். ஹியூலெட் பக்கார்ட் நிறுவனத்தின் அவ்விளம்பரத்தில், புதிய அச்சு இயந்திரங்களை அமைத்துத் தந்த நிருவாகிக்குச் சக ஊழியர்கள் பூங்கொத்தும் பழக்கூடையும் கொண்டுவந்து வரிசையாக நிற்கின்றனர். நல்ல மனத்தோடு தொடங்கப்பட்ட நாள்தான். ஆனாலும் ஒரு கூடைப் பழத்தோடு தீர்ந்துவிடும் கணக்கா இது?

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நாம் யாவரும் அறிந்த பெயரும் புகழும். மற்றொன்று, தோட்டத்துப் பேர். அங்கே ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர். அதாவது பாதிச் சம்பளம். 1867இல் ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் பெயரை இலங்கையின் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். அந்த நிலத்தைக் கொத்தியவர்களின் பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் அம்மக்கள் இத்தனை தலைமுறையாகப் போராடி வந்தது முதலாவது பேருக்காக அன்று, இரண்டாவது பேருக்காகவே. செய்த வேலை முழுவதும் கணக்கில் ஏற வேண்டும், கூடையின் நிறையில் கள்ளம் இருக்கக் கூடாது, பாதி நாள் முழு நாளாக எழுதப்பட வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. மறைந்து நின்று உழைப்பவர் எல்லோருடைய பிரச்சினையையும் இந்த ஒரு சொல் தெளிவாக்கி விடுகின்றது என்று நாம் கருதுகிறோம். முதலாவது பேரை வாரி வழங்குவதில் முதலாளிக்குச் செலவில்லை. 'நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை' என்று ஆண்டுக்கொருமுறை மேடையில் சொல்லிவிடலாம். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தால் எழுந்து வர வேண்டும் என்ற கடமையை வேலை நேரமாக எழுதும்படி கேட்டால் மட்டும் முகம் மாறுகின்றது.

இந்த இடத்திலேதான் 'அணி' என்ற சொல் விளையாட்டு மைதானத்திலிருந்து இரவல் பெறப்படுகின்றது. நாமெல்லாம் ஓரணி, ஓரணியில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். விளையாட்டின் தாயகம் என்று போற்றப்படும் பண்டைக் கிரேக்கத்தைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. அழைக்கட்டும். அன்றைய ஒலிம்பிய விழாவில் அணி ஆட்டமே இருக்கவில்லை. இரண்டாம் பரிசும் இருக்கவில்லை. தேர்ப் பந்தயத்தில் வென்றதற்கான ஒலிவ இலை முடி, உயிரைப் பணயம் வைத்துத் தேரோட்டியவனுக்குச் செல்லவில்லை. குதிரைகளின் உடைமையாளருக்கே சென்றது. கி.மு. 396இல் ஸ்பார்ட்டா அரச குலத்துக் கைனிஸ்கா என்ற பெண் ஒலிம்பிய வெற்றியாளராய் அறிவிக்கப்பட்டது இவ்வாறுதான். பெண்ணொருத்தி அம்முடியைப் பெற்றாள் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவள் நாட்டிய சிலையின் கல்வெட்டு அவளது குலத்தையும் பெயரையும் சொல்கின்றதே தவிர, தேரோட்டியின் பெயரைச் சொல்லவில்லை. இன்றைய அலுவலகத்து 'அணி' அஸ்கிரிய மைதானத்து அணியைப் போன்றதா, அல்லது அந்தத் தேரைப் போன்றதா? அஸ்கிரியவில் இலங்கை வென்றபோது பதினொருவரும் வென்றார்கள். அலுவலகம் வென்றால் இலாபம் யார் கைக்குப் போகின்றது?

பெயரை நாடாத கூட்டுழைப்பு கணினி உலகிலேயே உண்டல்லவா என்று சிலர் கேட்கலாம். உண்டு, அதற்கு இலங்கையே சான்று. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நம் கரையோரங்களை அழித்தபின், காணாமற் போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் கணக்கெடுக்க இந்நாட்டின் கணினி அறிஞர்களும் இளைஞர்களும் தொண்டர்களாகக் கூடி 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அதை உலகுக்குத் திறந்து வைத்தார்கள். 2005இல் பாகிஸ்தானில் நில நடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. அவர்கள் முதலாவது பேரையும் நாடவில்லை, இரண்டாவது பேரையும் நாடவில்லை. உண்மை. ஆனால் அங்கே அவர்களின் உழைப்பை விற்றுப் பணமாக்க நடுவில் ஒருவரும் இருக்கவில்லை. தாமே மனமுவந்து கொடுத்த அந்த ஈகையைக் காட்டி, மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவரிடம் 'நீயும் அவ்வாறு கொடு' என்று கேட்பது ஈகையை வரியாக்குவதாகும்.

ஆகவே நிருவாகிக்குச் சிலை வைக்கும்படி நாம் கேட்கவில்லை. ஒருவரே பகலும் இரவும் காவல் நிற்காதபடி மாற்றாள் ஒருவரை நியமிக்கட்டும். அழைப்புக்காகக் காத்திருக்கும் இரவை வேலையாக எழுதட்டும். அறிக்கைகளில் தவறு நேர்ந்த மணி நேரங்களை எழுதுவதுபோல், தவறு தவிர்க்கப்பட்ட விதத்தையும் எழுதட்டும். மலையகத்து லயங்களில் பிறந்து, படித்து, இன்று கணினி அறைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அரைப்பேர் என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.