பழகுதலும் பழக்குதலும்

சைக்கிள் பழகுகிறோம். நாயோடு பழகுகிறோம். ஆனால் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓட நாயைப் பழக்குகிறோம். ஒரு ஒற்று கூடியதும் செய்கிறவன் ஒருவன், படுகிறவன் வேறொருவன் என்று ஆகிவிடுகிறது. தன்வினை, பிறவினை என்று பெயர் சொல்லி இலக்கணம் ஒதுங்கிக்கொள்கிறது. பிரச்னை அதற்குப் பிறகுதான். பிறவினையில் அந்தப் பிறிதின் சம்மதத்துக்கு என்ன இடம்?

எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிய வறண்ட காட்டில் இது வெறும் சொல் விளையாட்டல்ல. அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர், கோவில்பட்டி என்று விரியும் இந்தத் தென்சீமை, சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்ந்த சீமை. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த நெஞ்சு, நீண்ட கால். கண்ணால் முயலைக் கண்டு பாய்வதற்கென்றே தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று முயல் வேட்டை குற்றம். வேட்டையை விலக்கலாம், உடம்பிலிருக்கும் ஓட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? கல்தூணில் கட்டிப் போட்டுச் சோறு வைப்பதைக் கருணை என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கொடுமையின் சோம்பேறித்தனமான வடிவமாகவே படுகிறது. ஆகவே சைக்கிளை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் இந்த நாய்கள் பாய்ச்சலுக்கானவை. சில நிமிஷங்களில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு நிழலில் விழுந்து கிடப்பது அவற்றின் இயல்பு. தம் பிடித்து நெடுந்தூரம் ஓடுவது வேறு வித்தை. ஜெர்மனியில் நாய்களுக்கு ஒரு தாங்குதிறன் பரீட்சை இருக்கிறது: சைக்கிளோடு 20 கிலோமீட்டர், மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் வேகம், நடுவில் ஓய்வு. குளிர் நாட்டுக் கணக்கு அது. சித்திரை மாதத்துத் தார்ச்சாலைக்கு அதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சைக்கிளில் இருப்பவன் முகத்தில் காற்று அடிக்கிறது. நாயின் வயிறு தரைக்குப் பக்கத்தில் அனலை வாங்குகிறது. இறக்கத்தில் அவன் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருளும். நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு அடிக்கும் அது விலை கொடுத்தாக வேண்டும்.

விடியுமுன் இதே மாதிரிச் சாலைகளில் பையன்களும் ஓடுகிறார்கள். போலீஸ் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் கடக்க வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சைக்கிளோடு ஓடும் நாயின் வேகமும் அதுதான். வேகம் ஒன்று, ஓட்டம் ஒன்றல்ல. பையனுக்கு முடிவுக்கோடு தெரியும். எதற்காக ஓடுகிறோம் என்பதும் தெரியும். வேண்டாம் என்று பாதியில் உட்கார்ந்துகொள்ளவும் அவனால் முடியும். நாய்க்குத் தெரிந்த ஒரே முடிவுக்கோடு, எஜமான் சைக்கிளை நிறுத்தும் இடம்.

'அதுவே பிரியமாத்தான ஓடியாருது' என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. கயிற்றை எடுத்ததும் வாலாட்டித் துள்ளுகிறதே. ஆனால் அந்தப் பிரியம் எதற்குச் சாட்சி? புறப்படச் சம்மதம் என்பதற்குச் சாட்சி. ஆறாவது கிலோமீட்டருக்குச் சாட்சியாகாது. இங்கேதான் பழக்குதலின் உள்முரண் இருக்கிறது. நாம் ஒரே சமயத்தில் இரண்டைப் பழக்குகிறோம்: நெஞ்சையும் பணிவையும். நெஞ்சுக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை நமக்குச் சொல்லக்கூடியது நாயின் மறுப்பு ஒன்றுதான். பணிவைப் பழக்கும்போது அந்த மறுப்பைத்தான் அழிக்கிறோம். நன்றாகப் பழகிய நாய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத நாய். பழக்கியவனின் வெற்றி எவ்வளவு பூரணமோ, அவ்வளவு அபாயம் நாய்க்கு.

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் பிராணிகளை அளவுமீறி ஓட்டுவதையும் வதை என்கிறது. அளவு மீறியது என்று தெரியும்போது பெரும்பாலும் நாய் விழுந்திருக்கும். சட்டம் விழுந்த பிறகு வருவது. நமக்கு வேண்டியது விழுமுன் பார்க்கிற கண்.

திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், ஆசிரமத்துப் பிராணிகளை 'அது' என்று சொல்லமாட்டார், 'அவன்', 'அவள்' என்பார் என்று ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதியிருக்கிறார். இதை ஆன்மிகச் சலுகையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. திணை மாறினால் பொறுப்பும் மாறும் என்பதுதான் விஷயம். 'அது ஓடுகிறது' என்பவன் தூரத்தை அளக்கிறான். 'அவன் ஓடுகிறான்' என்பவன் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

திரும்பிப் பார்த்தால் தெரிகிறவை சாதாரணமானவை. நாக்கு அகன்று நுனி மடிகிறதா. சீராக விழுந்த கால் தப்புகிறதா. பக்கத்தில் வந்தவன் ஒரு சாண் பின்தங்கிவிட்டானா. வாயில்லாத மறுப்பு உடம்பில் இப்படித்தான் எழுதப்படுகிறது. மனசு அழித்துவிட்டதை உடம்பு கொஞ்ச நேரம் வைத்திருக்கும். ஆகவே பழக்குகிறவன் இரண்டு பேருக்காகவும் 'போதும்' சொல்லக் கடமைப்பட்டவன். எலும்பு முற்றாத குட்டியைச் சைக்கிளோடு ஓட்டாமல் இருப்பது, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவது, தாரை விட்டு மண்ணோரம் போவது, தூரத்தை வாரக் கணக்கில் கூட்டுவது எல்லாம் பயிற்சி நுணுக்கங்கள் அல்ல. சொல்லப்படாத மறுப்புக்கு முன்கூட்டியே கொடுக்கும் மரியாதை.

கயிறு இருக்கிறது. அது தொய்ந்து கிடக்கும்வரை இரண்டு பேர் சேர்ந்து போகிறார்கள். விறைத்த கணத்தில் ஒருவன் இன்னொருவனை இழுக்கிறான். அந்தக் கணத்தில் பிரேக்கைப் பிடிக்கிறவன் மட்டுமே நாயோடு பழகுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.