ஐந்தாவது மனிதன்

மனிதன் தன் நலனுக்காகவே இயங்குகிறான். பேதம் பாராட்டுவோரும் ஏதோவொரு லாபங் கருதியே அவ்வாறு செய்கின்றனர் என்பது நம்மிற் பலர் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஹரி லூ என்னும் கூடைப்பந்தாட்ட வீரரின் வரலாறு அவ்வெண்ணத்தைச் சற்றே அசைத்துவிட்டது.

1902ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில், துணியாலைகளுக்குப் பேர்போன லோவெல் நகரின் அணி மார்ல்பரோ அணியை எதிர்த்து ஆடியது. ஊதியம் பெறுவோரின் போட்டி அது. லோவெல் அணிக்கு வேற்று மாநிலங்களிலிருந்தும் ஆட்டக்காரர் தருவிக்கப்பட்டனர். அந்நகரிலேயே பிறந்த, பதினெட்டே வயதான லூவை எவரும் அழைக்கவில்லை. அவர் கறுப்பர். உள்ளூர்ப் பத்திரிகைகள் அவருக்காக வாதாடியும் பயனில்லை. ஆட்டக்காரர் பலர் காயமுற்ற பின்னரே முகாமையாளர் அவரை ஆறாவது ஆளாகச் சேர்த்தார். வாங்கில் அமர்ந்திருப்பதே வேலை. கூலி 5 டொலர்.

ஆட்டத்தின் நடுவே லோவெல் வீரரொருவர் காயமுற்று வெளியேறினார். அப்போதும் முகாமையாளர் லூவை இறக்கவில்லை. ஐவருக்கு எதிராக நால்வரையே ஆடவிட்டார். பார்வையாளர் கொதித்தெழுந்து, கலகம் மூளும் நிலை வந்த பிறகே லூ களம் புகுந்தார். இவற்றை அவரே 1958இல் ஒரு பத்திரிகையாளரிடம் கூறியிருக்கிறார்.

நால்வர் ஆடிய அந்தச் சிறு பொழுதே என்னை உறுத்துகிறது. வெற்றியே அம்முகாமையாளரின் பிழைப்பு. அதனை இழந்தாலும் இழக்கலாம், கறுப்பனை ஐந்தாமவனாக நிறுத்தலாகாது என்று அவர் துணிந்தார். பேதம் லாபத்திற் பிறந்ததாகவே இருக்கட்டும். இங்கே அது பெற்ற தாயையே தின்னப் புறப்பட்டுவிட்டதே! கூச்சலிட்டோரை நீதிமான்களென்று கொண்டாடவும் எனக்குத் துணிவில்லை. சிலர் நீதியை வேண்டியிருக்கலாம். சிலர் கொடுத்த காசுக்கு ஐவரைக் காண விரும்பியிருக்கலாம். எவ்வாறாயினும் கதவைத் திறந்தது அக்கூச்சலே. ஆனால் அவசரத்தில் திறந்த கதவை உரிமை என்று கொள்ளலாமா?

லூ மௌனமாய்ப் பொறுத்தார் என்றெழுதி அவரைப் புனிதராக்க விரும்புவோர் ஏமாறுவர். முழங்கையால் இடித்தவரை அவரும் இடித்தார். தமது மூதாதை பார்ஸிலாய் லூ 1775இல் பன்கர் குன்றில் அந்நாட்டின் விடுதலைக்காக நின்றவர் என்பதை அறிந்தவரல்லவா! சில ஆண்டுகளில் அக்கூட்டமைப்புக் குலையவே, சொந்த அணிகள் அமைத்து ஊரூராய்ச் சென்று ஆடினார். 1946இல் உருவாகி, பின்னர் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கமெனப் பெயர்பெற்ற பெருங்கூட்டமைப்பு 1950 வரை கறுப்பர் ஒருவரையும் களமிறக்கவில்லை. இடையே கழிந்தவை 48 ஆண்டுகள்.

பிற்காலத்தில் அவர் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரிற் சலவைத் தொழில் நடத்தி, 1963இற் காலமானார். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டைத் தோற்றுவித்ததும் அந்நகரிலேதான். இத்துறைச் சான்றோரைப் போற்றும் மண்டபத்தின் முதற் பெயர்ப்பட்டியல் 1959இல் வெளியாயிற்று. லூ அப்போது உயிரோடிருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை.