13 நிமிடம்

1939 நவம்பர் 8. மியூனிக் நகரின் பீர் அரங்கில் ஹிட்லர் பேசுகிறார். மேடைக்குப் பின்னால் தூணுக்குள் குண்டு. வைத்தவர் கியோர்க் எல்சர், ஒரு தச்சர். முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஒளிந்திருந்து, முழங்கால் புண்ணாகும்வரை மண்டியிட்டுத் தூணைக் குடைந்தவர். உதிர்ந்த தூளைக்கூட அள்ளிக்கொண்டு போனவர்.

அன்று மூடுபனி. விமானத்தை நம்பாமல், ரயிலைப் பிடிக்க ஹிட்லர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். 13 நிமிடம் கழித்துக் குண்டு வெடித்தது. ஒரு பணிப்பெண் உட்பட 8 பேர் உயிரிழந்தார்கள்.

பனி இல்லாதிருந்தால்? போர் நின்றிருக்குமா, தெரியாது. ஆனால் ஆஷ்விட்ஸ் முகாம் அப்போது திறக்கப்படவே இல்லை. இதைத் தாண்டி என் மனம் நகர மறுக்கிறது.

பிடிபட்ட எல்சரை டாக்காவ் முகாமில் 1945 ஏப்ரல் 9 அன்று சுட்டுக் கொன்றார்கள். முகாம் விடுதலையாக 20 நாள் இருந்தது.