கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவரும் சாலை மலையின் முகட்டைத் தொடும் இடத்தில் இருக்கிறது போடிமெட்டு. அங்கே தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் முடிகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. அது மனிதன் வகுத்த எல்லை மட்டுமன்று, நீரின் எல்லையும் அதுவே. கிழக்குச் சரிவில் விழும் மழைத்துளி கொட்டக்குடி ஆற்றின் வழியாக வைகையைச் சேர்கிறது. மேற்குச் சரிவில் விழும் துளி பன்னியாற்றின் வழியாகப் பெரியாற்றில் கலந்து அரபிக்கடலை நோக்கிச் செல்கிறது. கடலைக் காணாத ஊர். ஆயினும் இரு திசைக் கடல்களுக்கும் நீர் அனுப்பும் ஊர்.

இந்த மலையூரில், ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் குடும்பஸ்தர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். கோடை விடுமுறையில் அவர் குடும்பத்தோடு ராமேஸ்வர யாத்திரை செல்கிறார். வழியில் மண்டபத்தில் கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் காண்கிறார்கள். கடல் சாமந்தியின் இதழ்களுக்கிடையே புகுந்து புறப்படும் கோமாளி மீனைக் கண்ட பத்து வயது மகள் அவ்விடத்தைவிட்டு நகர மறுக்கிறாள். "அப்பா, இதை நம் வீட்டில் வளர்க்கலாமா?" என்று கேட்கிறாள். தந்தையின் மனத்திலும் அந்த ஆசை அதற்கு முன்பே எழுந்துவிட்டது. போனஸ் பணம் கையில் இருக்கிறது. தொட்டி வைக்கக் கூடத்தில் இடமும் இருக்கிறது. தொடங்கலாமா, கூடாதா?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால், தன்னிடம் எதையும் கேட்காத ஓர் உயிரின் முழு வாழ்க்கையையும் தன் கையில் எடுத்துக்கொள்ள மனிதனுக்கு எப்போது தகுதி உண்டாகிறது என்னும் பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

கைநீரில் வந்த மீன்

இக்கேள்விக்கு நம் மரபில் மிகப் பழமையான கதை ஒன்று உண்டு. திராவிட நாட்டு மன்னனாகிய சத்தியவிரதன் கிருதமாலை நதியில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தபோது, அவன் ஏந்திய கைநீரில் சிறு மீன் ஒன்று வந்து சேர்ந்ததாக ஸ்ரீமத் பாகவதம் கூறுகிறது. கிருதமாலை வைகையே என்பது மதுரைப் பகுதியில் வழங்கிவரும் நம்பிக்கை. அவ்வாறாயின், போடி மலையின் கிழக்குச் சரிவு நீரும் அந்த மன்னனின் கையை நனைத்த நதியைச் சேர்ந்ததே.

மன்னன் மீனை ஆற்றில் விட்டான். பெரிய மீன்கள் தன்னைத் தின்றுவிடும் என்று அது அடைக்கலம் கேட்டது. கமண்டலத்தில் இட்டுக் கொண்டுபோனான். ஓர் இரவுக்குள் கமண்டலம் போதவில்லை. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினான், அதுவும் போதவில்லை. குளம், ஏரி என்று இடம் மாற்றி, இறுதியில் கடலுக்கே கொண்டுசென்றான். அங்கேதான் தான் இதுவரை காத்தது யாரை என்பது அவனுக்குப் புலனாயிற்று.

இக்கதையைப் பிரளயத்தின் முன்னுரையாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால் அதில் உயிர் வளர்ப்போருக்கான நீதி ஒன்றும் உண்டு. மன்னன் மீனைத் தேடிப் போகவில்லை. அடைக்கலம் கேட்டு அதுவே வந்தது. அவன் மீனுக்கேற்பப் பாத்திரத்தை மாற்றினான். பாத்திரத்துக்கேற்ப மீனைச் சுருங்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அவன் கேட்டது, 'எனக்கு எது வசதி?' என்பதன்று, 'இதற்கு எது தேவை?' என்பதே.

கூடத்தில் வைக்கப்படும் தொட்டியோ இதற்கு நேர்மாறான திசையில் பயணம் செய்கிறது. சத்தியவிரதன் மீனைப் பாத்திரத்திலிருந்து கடலுக்குக் கொண்டுபோனான். இன்றைய மனிதன் அதைக் கடலிலிருந்து பாத்திரத்துக்குக் கொண்டுவருகிறான். இந்த எதிர்ப் பயணத்துக்கு நியாயம் கூற முடியுமா என்பதே சிந்திக்க வேண்டியது.

நேசம் செய்த சேதம்

"கடலை நேசிப்பதற்குத்தானே தொட்டி? மலையில் பிறந்த குழந்தை வேறு எப்படிக் கடலை அறியும்?" என்று ஒருவர் கேட்கலாம். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வரலாறு இங்கே ஓர் எச்சரிக்கையைத் தருகிறது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் வாழ்ந்தார். ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர். கடற்கரைப் பாறைக் குழிகளில் வாழும் சிற்றுயிர்களில் படைத்தவனின் கைவண்ணத்தைக் கண்டவர். வீட்டிலேயே கடலுயிர்களை வளர்ப்பது எப்படி என்று 1854இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆயிரக்கணக்கானோர் வலையும் உளியும் வாளியுமாகக் கடற்கரைக்கு விரைந்தனர். தலைமுறை தலைமுறையாக யாரும் தொடாதிருந்த பாறைக் குழிகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட நூலில் இதை வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். அந்த அழிவைக் கண்டு தந்தையே வேதனைப்பட்டதாகவும் அவர் எழுதுகிறார்.

அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர், அழகை நேசித்தவர்கள். அந்த நேசத்தில் விவேகம் கலந்திருக்கவில்லை. 'இது அழகு' என்னும் எண்ணத்துக்கும் 'இது எனக்கு வேண்டும்' என்னும் எண்ணத்துக்கும் இடையே அவர்கள் ஒரு கணமும் நிற்கவில்லை. முதல் எண்ணம் வழிபாட்டுக்கு அருகில் இருக்கிறது. இரண்டாவது எண்ணம் உடைமைக்கு அருகில் இருக்கிறது. பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைத்தது இந்த இடைவெளியைக் காப்பதற்காகவே எனலாம்.

நம் மன்னார் வளைகுடாவும் இதே பாடத்தைத் தருகிறது. அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுக்கும் வழக்கம் நீண்டகாலம் நீடித்தது. அத்தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கியதற்கு அது முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. பாறைகளை அமைக்கும் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. எனவே, படங்களில் காணும் பவளத் தோட்டத்தைத் தன் வீட்டுத் தொட்டியில் அமைக்க விரும்புபவர், கரையில் கிடைத்த பவளத்துண்டு ஒன்றை எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம் என்பதை முதலில் அறிய வேண்டும்.

நான்கு கேள்விகள்

தொடக்கத்துக்கு முன் எண்ண வேண்டியவை எவை? கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் செயல்களை மூவகையாகப் பிரிக்கிறது. பின்விளைவு, இழப்பு, பிற உயிருக்கு நேரும் இம்சை, தன் திறன் ஆகிய நான்கையும் எண்ணாமல் மோகத்தால் தொடங்கப்படுவதைத் தாமஸச் செயல் என்கிறது. போடிமெட்டுக் கணக்கருக்கு இந்த நான்கும் நான்கு கேள்விகளாகின்றன.

முதலாவது, பின்விளைவு. கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இன்று பத்து வயதுள்ள மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அந்த மீன் உணவுக்காகக் காத்திருக்கும். குழந்தையின் ஆசை ஒரு கோடைக்கு உரியதாக இருக்கலாம். அதன் விளைவோ பல ஆண்டுகளுக்கு உரியது.

இரண்டாவது, இழப்பு. 100 லிட்டர் கடல்நீருக்குச் சுமார் மூன்றரைக் கிலோ உப்பு வேண்டும். சமையல் உப்பு அதற்கு உதவாது. கடலிலுள்ள மக்னீசியம், கால்சியம் முதலியவையும் சேர்ந்த தனி உப்புக்கலவை தேவை. நீரில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்ற வேண்டும். பவளக்கடல் மீனுக்குச் சுமார் 25 டிகிரி வெப்பம் வேண்டும். மலைக்குளிரில் தொட்டியைச் சூடாக்கும் கருவி இரவும் பகலும் இயங்க வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் நீரோட்டமும் நிற்கும். அதனோடு மீனின் மூச்சும் தடுமாறும். வாங்கும் செலவு ஒருமுறை. காக்கும் செலவு மாதந்தோறும்.

மூன்றாவது, இம்சை. நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களிலோ பெரும்பாலானவை கடலிலிருந்து பிடிக்கப்படுபவை. தென்கிழக்கு ஆசியக் கடல்கள் சிலவற்றில் சயனைடு நஞ்சைத் தூவி மீன்களை மயக்கிப் பிடிக்கும் கொடுமையும் நடந்திருக்கிறது. நல்லவேளையாக, கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் போன்றவை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளன. 'இந்த மீன் எங்கே பிறந்தது?' என்று கடைக்காரரிடம் கேட்பது வெறும் விசாரணை அன்று. அது அஹிம்சையின் முதற்படி.

நான்காவது, தன் திறன். புதியவர் பெரும்பாலும் சிறிய தொட்டியையே விரும்புகிறார். சிறியது எளிது என்று எண்ணுகிறார். உண்மை இதற்கு மாறானது. நீர் குறைவாக இருந்தால் வெப்பமும் உப்பும் விரைவில் மாறும். ஒரு சிறு தவறும் பெருந்தவறாகும். திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை'யை அடுத்து 'வலியறிதல்', 'காலம் அறிதல்', 'இடன் அறிதல்' என்று அதிகாரங்கள் வரிசையாக அமைந்திருப்பது தற்செயலன்று. மண்டபத்துக் கடற்கரையில் எளிதானது போடிமெட்டின் மூடுபனியில் எளிதாகாது.

மானும் பாகாவும்

உயிர்களை வளர்ப்பதே பந்தம் என்று இதனால் முடிவு செய்துவிடலாமா? ஜடபரதரின் முற்பிறவிக் கதை அப்படித்தான் சொல்வதாகப் பலர் நினைக்கின்றனர். அரசைத் துறந்து வனம் சென்ற பரதர், தாயை இழந்த மான்குட்டியைக் காத்தார். அதன் நினைவிலேயே உயிர்விட்டு, மானாகப் பிறந்தார். ஆனால் வெள்ளத்திலிருந்து குட்டியைத் தூக்கியது அவருடைய குற்றமன்று, அது கருணை. 'என் மான்' என்று மனம் அதிலேயே உறைந்துபோனதுதான் வீழ்ச்சி.

சுவாமி விவேகானந்தர் தம் இறுதி ஆண்டுகளில் பேலூர் மடத்தில் பல உயிர்களை அன்போடு வளர்த்தார். பாகா என்னும் நாய், மட்ரு என்னும் ஆட்டுக்குட்டி, வாத்துகள் எல்லாம் அங்கே இருந்தன. குறும்பு செய்ததற்காகக் கங்கையின் அக்கரைக்கு அனுப்பப்பட்ட பாகா, படகில் ஏறித் திரும்பி வந்துவிட்டதாகக் கூறுவர். அந்த உயிர்களுக்குத் திரும்பி வரவும் விலகிப் போகவும் ஒரு வெளி இருந்தது.

தொட்டியிலுள்ள மீனுக்கு அந்த வெளி இல்லை. ஓர் அடி விலகினாலும் அதற்கு மரணமே. அதன் சூரியன், அலை, மழை எல்லாம் வளர்ப்பவரே. இந்த நிலை மனிதனைக் கடவுளாக்குவதில்லை, ஓய்வில்லாத ஊழியனாக்குகிறது. இதை உணர்ந்து தொடங்குபவருக்கு அது சேவை. உணராமல் தொடங்குபவருக்கு அது வேடிக்கை.

மீனில்லாத தொட்டி

அப்படியாயின் தகுதியை அறிவது எப்படி? அதற்கான சோதனையை இயற்கையே வைத்திருக்கிறது. மீன் வெளியேற்றும் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது, அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஊழியர்கள் தொட்டியில் குடியேறிப் பெருக ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீனை விடக்கூடாது. அவசரப்பட்டு விடப்பட்ட மீன்களே பெரும்பாலும் முதல் மாதத்தில் இறக்கின்றன.

அந்த ஆறு வாரங்களும் வளர்ப்பவர் வெறும் நீரைத்தான் பேண வேண்டும். வெப்பத்தைப் பார்க்க வேண்டும். உப்பை அளக்க வேண்டும். நீரைச் சோதிக்க வேண்டும். பார்க்க அழகு எதுவும் இராது. விருந்தினர் வியக்க ஒன்றும் இராது. கடல்நீர்த் தொட்டியில் நாள்தோறும் ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆகவே குறைவை நிரப்பக் கடல்நீரை ஊற்றக்கூடாது. உப்பில்லாத தூய நீரையே ஊற்ற வேண்டும். அறியாதவர் மேலும் உப்புநீரை ஊற்றி, நாளுக்கு நாள் அதைக் கடுமையாக்கிவிடுகிறார். மனித மனமும் இத்தகையதே. ஆசை குறைந்ததுபோல் தோன்றும் வேளையில் மேலும் ஆசையை ஊற்றி நிரப்புபவன் தன்னுள் கசப்பையே பெருக்குகிறான்.

மீனில்லாத தொட்டியை ஆறு வாரங்கள் சலிப்பின்றிப் பேண முடிந்தவர், மீனுக்குத் தகுதியுள்ளவர். அவருடைய கவனம் அழகின் கூலியை எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் வாரத்திலேயே சலிப்படைபவர் வருந்த வேண்டியதில்லை. ஓர் உயிரும் மடியாமல் தம்மை அறிந்துகொண்டார். எல்லாத் தொடக்கங்களிலும் ஏதேனும் குறை கலந்தே இருக்கும் என்பதைக் கீதை மறைக்கவில்லை. அதற்காகத் தொடங்காமலே இருப்பது அறமாகாது. எண்ணாமல் தொடங்குவதும் அறமாகாது.

போடிமெட்டுத் தந்தை தம் மகளிடம் உடனே 'சரி' என்றோ 'கூடாது' என்றோ சொல்ல வேண்டியதில்லை. இந்த நான்கு கேள்விகளையும் அவளோடு அமர்ந்து எண்ணலாம். ஒரு குழந்தைக்குக் கடல்மீனைக் காட்டுவதைக் காட்டிலும் அது உயர்ந்த கல்வி. விடை 'இப்போது வேண்டாம்' என்று வந்தால், அடுத்த கோடையில் அவளைக் கடலுக்கே அழைத்துச் செல்லலாம். 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கியதும் அந்தக் கடலோரத்தில்தான். எல்லா உயிர்களிலும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்னும் கருத்தை அடுத்த நாள் ராமேஸ்வரம் கோயிலில் அவர் விளக்கினார்.

அங்கே அலை விலகிய பாறைக் குழியில் ஒரு சிறு மீனை அவள் காணக்கூடும். குனிந்து பார்த்துவிட்டு, அதை எடுக்காமல் எழுந்து நடக்கும் அந்த ஒரு கணத்தில், சத்தியவிரதன் கடல்வரை நடந்து கற்றதை அவள் கற்றுக்கொள்வாள்.