பிணியாளர்க்கு வேண்டுவது யாது?

நோயுற்றோர்க்கு உதவுதல் நற்செயல் என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், எது உதவி என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? கொடுப்பவரா, பெறுபவரா? இவ்வினா எளிதாகத் தோன்றலாம். புற்றுநோய் கண்ட ஓர் இளைஞனின் படுக்கையருகே நின்று சிந்திப்போமாயின் இதன் கடுமை விளங்கும்.

மகாவக்கத்தில் வரும் வரலாற்றை நாம் அறிவோம். வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர், பேணுவாரின்றித் தம் மலசலத்திலேயே கிடந்தார். பகவன் அவரை அணுகியதும், பிணி யாதென்றும், பேணுவார் உளரோ என்றும், இல்லாமைக்குக் காரணம் யாதென்றும் வினவினார். அதன் பின்னரே ஆனந்தரைக் கொண்டு நீர் வருவித்து, அவரைக் கழுவிப் படுக்கையிற் கிடத்தினார். வினா முந்தியது, நீர் பிந்தியது.

நாமோ பழமும் ரொட்டியும் ஆறுதல் மொழியும் ஏந்திச் செல்கிறோம், வினவுவதில்லை. பதினேழு வயதினன் நெஞ்சில் இருப்பது பிறிதாகலாம். தவறிய தேர்வை மீண்டும் எழுத இயலுமா? முடியுதிர்ந்த தலையுடன் நண்பர்முன் நிற்பது எங்ஙனம்? தன்பொருட்டுத் தந்தை பட்ட கடன் எவ்வளவு? இளையோரைத் தாக்கும் இரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்குச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வதுண்டு. சில மருந்துகள் மகப்பேற்றுத் திறனைக் குறைக்கவுங் கூடும். சிகிச்சைக்கு முன்னரே ஆடவர் தம் விந்தைச் சேமித்து வைக்க வழியுண்டு. பின்னர்க் கேட்பின் காலங் கடந்துவிடலாம். பெற்றோர் சூழ்ந்திருக்கையில் எவ்விளைஞன் இதனை வாய்திறந்து கேட்பான்? ஆதலால், அவன் இசைந்தால் சிறிது நேரம் தனித்துப் பேச இடமளித்தல் வேண்டும்.

தனக்கு வேண்டுவதை அவனே அறியாதிருத்தலும் உண்டு. இதற்கு மருத்துவ உலகம் ஒரு வழி கண்டுள்ளது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர், சுரமானியின் வடிவில் மனத்துயரை அளக்கும் கோலொன்றை வெளியிட்டனர். பூச்சியம் முதல் பத்துவரை நோயாளரே தம் துயரைக் குறிப்பர். இதனுடன் பணம், குடும்பம், அச்சம், உறக்கம், வலி முதலியவற்றின் பட்டியலும் பின்னர்ச் சேர்ந்தது. பெயரிட இயலாத துயரும் பட்டியலைக் கண்டதும் தன் பெயரை அடையாளங் காணும். இளையோர் குழந்தையருமல்லர், முதியோருமல்லர் என்பதையுணர்ந்து, லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1990இல் பதின்வயதினர்க்கெனத் தனிப்பிரிவு திறக்கப்பட்டதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஆயின், நம் இல்லங்களில் நோயின் பெயரையே இளைஞனிடம் மறைக்கிறோம். இது கருணையினால் என்போம். வினயமோ, பேணுதற்கு எளிய நோயாளரின் குணங்களுள் ஒன்றாக, தம் நிலையை உள்ளவாறு உரைத்தலைக் கூறுகிறது. உண்மையை அவனுக்கு மறைத்துவிட்டு, உண்மையை அவனிடம் எதிர்பார்த்தல் நியாயமாகுமா? தன் நோயை அறியாதான் தன் தேவையை எவ்வாறு அறிவான்? அவன் வயதிற்கும் மனவலிமைக்கும் ஏற்ப, அவன் கேட்குமளவு, பையப்பையக் கூறலாம். பொய் கூறுதல் மட்டும் ஆகாது. அப்பொய் வெளிப்படும் நாளில், நம்மிடம் எதையும் உரைக்க அவன் துணியான்.

மும்பை பரேலில் 1941 முதல் இயங்கும் டாட்டா நினைவு மருத்துவமனைக்கு இந்தியாவின் பல பகுதிகளினின்றும் நோயாளர் வருகின்றனர். மொழியறியாது வரும் தமிழ் இளைஞனுக்கு, மருத்துவர் சொல்வதைத் தமிழில் விளக்கும் துணையே முதற்றேவையாகலாம். அம்மாநகரில் வாழும் நம்மவர்க்கு இது அரிய பணியன்று.

ஆகவே அன்பர்களே, நோயுற்ற இளையோரைக் காணச் செல்லுங்கால் முதலில் வினவுவோம். விடை வாராவிடின் பொறுத்திருந்து மற்றொரு நாள் வினவுவோம். நம்மால் இயலாததை இயலாதென்று ஒளியாது கூறுவோம். ஒன்றும் வேண்டாம், சற்றே அருகிருந்தாற் போதும் என்று அவன் சொல்லின், கொண்டு சென்ற பழத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அவ்வாறே அமர்ந்திருப்போம்.